ரூஃப் தாங்காது

எங்கள் கூடத்தில் ஊஞ்சல் மாட்ட முடியாது, ரூஃப் தாங்காது என்று இன்ஜினியர் சொன்னதாக 2014-இல் என் மனைவியிடம் சொன்னேன். அப்படி எந்த இன்ஜினியரும் சொல்லவில்லை. நான் யாரிடமும் கேட்கவே இல்லை.

தேவகோட்டையில் அவள் பாட்டி வீட்டைப் பாகம் பிரித்த நேரம் அது. மற்றவர்கள் வெள்ளிக்கும் பித்தளைக்கும் நின்றபோது இவள் கேட்டது ஊஞ்சல் பலகை ஒன்றைத்தான். ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டு அங்குலக் கனம். ஒட்டுப் போடாத ஒரே துண்டு பர்மா தேக்கு. அந்தப் பக்கத்து வீடுகளுக்குப் பர்மாவிலிருந்து கப்பலில் மரம் வந்து இறங்கிய காலத்துச் சாமான். மூன்று தலைமுறை உட்கார்ந்து எழுந்ததில் நடுப்பகுதி வழுவழுவென்று ஆகியிருந்தது. "மாப்பிள்ளை, லாரியில போட்டு அனுப்பட்டுமா?" என்று மாமியார் கேட்டார்.

நானோ சாம்பல் நிற எல் வடிவ சோபா, கண்ணாடி டீப்பாய், சுவரோடு ஒட்டிய டிவி யூனிட் என்று மனசுக்குள் கூடத்தை நிரப்பி முடித்திருந்தேன். கடனில் வாங்கிய சென்னை ஃபிளாட். அவள் ரசனை வேறு, என் ரசனை வேறு என்பது பாதி உண்மைதான். மீதியையும் சொல்லிவிடுகிறேன். ரயில்வே குவார்ட்டர்ஸில் மடக்கு நாற்காலியோடு வளர்ந்தவன் நான். வருகிறவர்கள் முதலில் ஊஞ்சலைத்தான் பார்ப்பார்கள், "பொண்ணு வீட்டுச் சீரா?" என்பார்கள். என் சம்பளத்து சோபா ஒரு மூலைக்குப் போய்விடும். இந்தச் சின்னத்தனத்தை வாய்விட்டுச் சொல்ல வெட்கமாக இருந்ததால்தான் இல்லாத இன்ஜினியரைத் துணைக்கு அழைத்தேன்.

பிடிக்கவில்லை என்று சொல்லியிருந்தால் சண்டை வந்திருக்கும். சண்டை என்றால் அவளும் ஜெயிக்கலாம். இன்ஜினியரோடு யார் சண்டை போடுவது? அவள் நம்பினாள். அம்மாவுக்கும் போன் போட்டு, "ஆசைதாம்மா, ஆனா ரூஃப் தாங்காதாம்" என்றாள். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். பலகை, பழம்பொருள் வியாபாரி ஒருவரின் வண்டியில் காரைக்குடிக்குப் போனது.

என் டிவி யூனிட் மரத்தூளை அழுத்திச் செய்த பலகை. வீடு துடைக்கிற ஈரம் ஏறி நாலே வருஷத்தில் அடிப்பக்கம் உப்பிவிட்டது. சோபாவில் நான் உட்காரும் இடம் பள்ளமானது. அவள் குத்திக்காட்டவில்லை.

போன நவராத்திரிக்குக் கீழ்வீட்டுக் கொலுவுக்குப் போய்வந்தாள். அங்கே புதிதாக ஊஞ்சல் மாட்டியிருக்கிறார்கள். பீமில் கொக்கி இறக்கினார்களாம்; அதுவும் வேண்டாமென்றால் இரும்புச் சட்டம் நிறுத்தலாமாம். "அவங்க ரூஃபும் நம்ம ரூஃபும் ஒண்ணுதானே?" என்றாள். சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை, விவரம்தான் கேட்டாள். அதுதான் தாங்கவில்லை. உண்மையைச் சொன்னேன்.

வெகுநேரம் கழித்து ஒன்றே ஒன்று சொன்னாள்: "எங்கம்மாகிட்ட என்னைப் பொய் சொல்ல வெச்சுட்டீங்களே."

அந்தப் பலகையைத் தேடி, காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடைகளாக ஏறி இறங்கினோம். சுவரில் சாய்த்திருந்த பலகைகளையெல்லாம் தடவிப் பார்த்தாள். எங்களுடையது இல்லை. அதே அளவில் ஒன்றைக் காட்டி, "இதை வாங்கிடலாமா?" என்றேன். "இது எந்த வீட்டுப் பொண்ணு கேட்டதோ" என்று நகர்ந்துவிட்டாள்.

இப்போது சாப்பாட்டு மேசை வாங்க வேண்டும். அவளுக்குக் கடைசல் கால் வைத்த கனமான பழைய மரம் வேண்டும். எனக்கு வெளிர் நிறத்தில், மெலிந்த காலோடு வேண்டும். பிடிக்காததைப் பிடிக்கவில்லை என்றே சொல்கிறேன், அவளும் விடுவதில்லை. மூன்று கடை ஏறி, மூன்றிலும் சண்டை போட்டுத் திரும்பியிருக்கிறோம். அதுவரை தரையில் உட்கார்ந்துதான் சாப்பாடு.