சூரியப் புள்ளியும் ஆனைமலையும்

அழகர்கோவிலிலிருந்து மதுரை ரோட்டில் காலை நடை போனால் தெற்கே ஆனைமலை தெரியும். மழை விட்ட மறுநாள் பாறையின் மடிப்புகளைக்கூட எண்ணலாம். பங்குனி, சித்திரையில் வெறும் சாம்பல் நிழல்தான்.

கூட நடக்கும் நண்பர் மல்லிகை போட்டிருக்கிறார். சென்ற வாரம் கேட்டார்: "அண்ணே, சூரியன்ல புள்ளி கூடிப்போச்சாமே, அதான் மங்கலா இருக்கா? மழையும் பொய்க்கும்னு போன்ல வந்துச்சு. நகையை வச்சுக் கிணத்தை ஆழப்படுத்திரவா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. தாது வருஷப் பஞ்சத்தில் (1876–78) இலட்சக்கணக்கானோர் மடிந்தபோது படித்தவர்களும் இதையேதான் கேட்டார்கள். 1877-லேயே லாக்கியர், ஹண்டர் என்ற இரு வெள்ளைக்காரர்கள், சூரியப் புள்ளிகளுக்கும் தென்னிந்தியப் பஞ்சத்துக்கும் முடிச்சுப் போட்டுக் கட்டுரை எழுதினார்கள். கோடைக்கானலில் 1899-ல் சூரிய ஆய்வகம் வந்ததற்கு அந்தப் பஞ்சமும் ஒரு காரணம். என் பாட்டி தாது வருஷம் என்று சொன்னாலே குரல் இறங்கிவிடும்.

புள்ளிகள் சுமார் 11 ஆண்டுக்கு ஒருமுறை கூடிக் குறைகின்றன. அதனால் நமக்கு வரும் மொத்த ஒளியில் ஏற்படும் மாற்றம் ஏறக்குறைய 0.1 சதவீதம்தான். புற ஊதாக் கதிர் இன்னும் கொஞ்சம் அதிகமாக மாறும். அதன் விளையாட்டெல்லாம் மேலே, ஓசோன் இருக்கும் உயரத்தில். அண்டக்கதிர்கள் மேகத்துக்கு விதை போடுகின்றன என்றும் ஒரு கட்சி உண்டு. ஜெனீவா அருகே செர்ன் கூடத்தில் சோதித்துப் பார்த்ததில், இன்றைய காற்றில் அதன் பங்கு சொற்பம் என்று வந்தது. ஆனைமலையை மறைப்பது தூசியும் புகையும் ஈரமும்தான். நகை பெட்டியிலேயே இருக்கட்டும், முதலில் நீரோட்டம் தெரிந்தவரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள் என்றேன்.

காற்றின் அழுக்கு சூரியனையே மாற்றிக் காட்டும். 1883 செப்டம்பரில் சென்னையில் சூரியன் பச்சையாக உதித்தது, பச்சையாகவே மறைந்தது! அப்போது கிறிஸ்தவக் கல்லூரிப் பேராசிரியராக இருந்த மிச்சி ஸ்மித், நிறமாலைக் கருவி வைத்து அதை ஆராய்ந்தார். ஆகஸ்ட் கடைசியில் ஜாவா பக்கம் வெடித்த கிராகடோவா எரிமலையின் புகைமண்டலம்தான் காரணம் என்று லண்டன் ராயல் சொசைட்டி 1888-ல் விரிவாக அறிக்கை வெளியிட்டது. சூரியன் பாவம், அது எப்போதும்போலத்தான் இருந்தது.

அதே மிச்சி ஸ்மித்தான் பிறகு மலை மலையாக ஏறி, தெளிந்த காற்றுள்ள இடம் தேடிக் கோடைக்கானலைத் தேர்ந்தெடுத்தார். அதன் முதல் இயக்குநரும் அவரே. 2,300 மீட்டருக்கு மேலே இருக்கும் அந்த ஆய்வகத்தில் நூறு வருஷத்துக்கும் மேலாகச் சூரியனைப் படம் பிடித்து வருகிறார்கள்.