விசைக்கு எத்தனை கிராம்?

சினிமாவுல ஹீரோ துப்பாக்கி விசையை ‘டக்’னு இழுப்பாரே... அந்த ‘டக்’குக்கு எத்தனை கிராம் வெயிட் வேணும்னு என்னிக்காவது யோசிச்சிருக்கீங்களா பாஸ்? இன்ஜினீயரிங் படிக்கிறவனுக்கு இப்படித்தான் சந்தேகம் வரும்!

துப்பாக்கிக்குள்ள ஸ்பிரிங்கோட பலத்தை ஒரு சின்னக் கொக்கி தடுத்துப் பிடிச்சிருக்கும். விசையை இழுத்தா முதல்ல லூஸா வரும். அப்புறம் சுவர்ல முட்டின மாதிரி நிக்கும். அதுக்கும் மேல அழுத்தினா கொக்கி நழுவும். அதுக்கு விரல் கொடுக்கிற பலம்தான் ‘ட்ரிகர் புல்’. பழைய துப்பாக்கின்னா ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், கொக்கி தேய்ஞ்சிருக்கும், கிரீஸ் காய்ஞ்சிருக்கும். ஒருவாட்டி அளந்தா நம்பக் கூடாது. பலவாட்டி அளந்து சராசரி எடுக்கணும்.

போட்டிகள்ல இதுக்கு சிம்பிள் டெஸ்ட். குண்டில்லாத பிஸ்டலை வானம் பார்க்க நிமிர்த்தி, விசையில எடையைத் தொங்கவிட்டுத் தூக்குவாங்க. எடை மேலே வந்தும் விசை விடுபடலைன்னா ஓகே! 10 மீட்டர் ஏர் பிஸ்டலுக்குக் குறைஞ்சது 500 கிராம். 2024 பாரீஸ் ஒலிம்பிக்ல மனு பாக்கர் தனிநபர் வெண்கலம் ஜெயிச்சது இந்தப் பிரிவுலதான். அங்கே 10 புள்ளி வட்டத்தோட விட்டமே 11.5 மி.மீ. 30 செ.மீ. நீளத்துல நுனி 1 மி.மீ. ஆடினா, 10 மீட்டர்ல 33 மி.மீ. தள்ளிப் போயிடும். வெடுக்குனு இழுத்தா அவ்ளோதான்!

சரி, கணக்கு முடிஞ்சுதா? இல்லை. எங்க கண்டமங்கலத்துல பஸ் ஏறினா கொஞ்ச நேரத்துல புதுச்சேரி. பிரெஞ்சு ஆட்சி நடந்த அந்த ஊர்ல வ.வே.சு.ஐயர்கிட்ட சுடப் பழகினவர் வாஞ்சிநாதன். 1911 ஜூன் 17, மணியாச்சி ரயில் நிலையம். ரயில் பெட்டியில மனைவியோட இருந்த கலெக்டர் ஆஷை பிரௌனிங் பிஸ்டலால சுட்டார். அடுத்து, தன்னையே சுட்டுக்கிட்டார். வயசு 25. என்னைவிட அஞ்சு வயசுதான் பெரியவர்!

ரெண்டு தடவையும் அந்த ஸ்பிரிங்குக்கு ஒரே வேலைதான். எதிர்ல யாருன்னு அதுக்குத் தெரியாது. ஆனா விரலுக்குச் சொந்தக்காரருக்கு ரெண்டும் ஒரே கனமாவா இருந்திருக்கும்? என் ஸ்பிரிங் பேலன்ஸ்ல அதுக்கு அளவுகோடு இல்லை.

எழும்பூர் மியூசியத்துல பழைய ஆயுதங்களைப் பார்க்கப் போனா, ‘இது எத்தனை கிராம்?’னு தாராளமா கேளுங்க. கூடவே ‘இதை அழுத்தினவருக்கு என்ன வயசு?’னும் கேளுங்க ஃப்ரெண்ட்ஸ்!