எஞ்சினைக் கழற்றிய வாரம்

சனி, இரவு

பயிற்சி மாதிரி விமானத்தின் மூக்கில் இருந்த 7.5 சி.சி. குளோ எஞ்சினை இன்று கழற்றிவிட்டேன். சைலன்சரோடு சேர்த்து அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. அது உட்கார்ந்திருந்த பலகை முழுக்க எண்ணெய் ஊறிக் கிடக்கிறது. எவ்வளவு துடைத்தாலும் இனி பசை ஒட்டுமா என்பது சந்தேகம்தான். மெத்தனால் எரிந்துவிடும், அதில் கலந்த விளக்கெண்ணெய் எரியாமல் வெளியே வந்து இறக்கை, வால் எல்லாம் தெளிக்கும். பறக்கவிடும் நேரத்தைவிடத் துடைக்கும் நேரம் அதிகம் என்பார்கள் வீட்டில். பொய்யில்லை.

ஆனாலும் அந்தக் குளோ ப்ளக்கின் மேல் மரியாதை குறையவில்லை. ஒன்றரை வோல்ட் கொடுத்துச் சூடேற்றி, எஞ்சின் பிடித்ததும் பேட்டரியை எடுத்துவிடலாம். பிளாட்டினம் கம்பி மெத்தனால் ஆவியில் தானாகவே கனன்றுகொண்டிருக்கும்.

திங்கள்

எஞ்சினுக்குப் பதிலாக வைக்கப்போகும் மின் மோட்டார் அதைவிடக் குட்டை. பிளைவுட்டில் ஒரு பெட்டி செய்து முன்னால் தள்ளிப் பொருத்தினேன். டேங்க் இருந்த இடத்தில் நாலு செல் லிப்போ பேட்டரி. அதை முன்னும் பின்னும் நகர்த்தியே எடைச் சமநிலை பிடித்தாயிற்று. டேங்க் காலியாகக் காலியாக மூக்கு லேசாகும். பேட்டரி தீர்ந்தாலும் எடை அதேதான். சமநிலை மாறாது என்பது லாபம், இறங்கும்போதும் முழுச் சுமை என்பது நஷ்டம்.

மோட்டாரில் 670 கே.வி. என்று போட்டிருக்கிறது. கிலோவோல்ட் இல்லை, சுமையில்லாமல் ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் இத்தனை சுற்று என்பது கணக்கு. 14.8 வோல்ட்டுக்கு ஏறக்குறைய 9,900. புரொப்பெல்லர் மாட்டினால் குறையும்.

புதன்

மோட்டாரைக் குளிர்விக்கும் காற்றுக்கு முன்னால் ஒரு துளை, பின்னால் அதைவிடப் பெரிய துளை. வேறு வேலை நடக்கவில்லை.

மின் மோட்டார் ஒன்றும் நேற்று வந்ததில்லை. 1957 ஜூன் 30 அன்றே கர்னல் டாப்லின் இங்கிலாந்தில் ‘ரேடியோ குயீன்’ என்ற மாதிரி விமானத்தை வெள்ளி-துத்தநாக பேட்டரியில் பறக்கவிட்டார். மற்றவர்கள் இத்தனை காலம் காத்திருந்தது கனமில்லாத, கைக்கெட்டும் விலையில் ஒரு பேட்டரிக்காகத்தான்.

ஞாயிறு

பறந்தது. சத்தமே இல்லை என்று சொல்ல முடியாது. புரொப்பெல்லர் காற்றை அறுக்கும் ஒலி இருக்கிறது. செல்லுக்கு 4.2 வோல்ட்டில் கிளம்பி, 3.7-க்குக் கீழே போகுமுன் இறக்கிவிட்டேன். துடைக்கும் துணியை எடுக்கவே இல்லை!

எஞ்சின்காரருக்குப் பயம், நின்றுவிடுமோ என்று. மோட்டார்காரருக்கு, கேட்காமல் ஓடிவிடுமோ என்று. அசையாமல் கிடந்த புரொப்பெல்லர், கை தவறி த்ராட்டில் குச்சியில் பட்டால் அந்த நொடியே சுழலும். எஞ்சினிலும் விரல் பட்டால் வெட்டுதான். ஆனால் தடுத்தால் அது பெரும்பாலும் நின்றுபோகும். மோட்டாரோ தடுக்கத் தடுக்க இன்னும் மின்சாரத்தை இழுத்துச் சுற்றப் பார்க்கும்.

மாறப்போகிறவர்கள் ஒன்று செய்யுங்கள். மேசையில் வைத்துச் சரிபார்க்கும்போது புரொப்பெல்லரைக் கழற்றி வையுங்கள். மைதானத்தில் முதலில் டிரான்ஸ்மிட்டர், பிறகு த்ராட்டில் அடியில் இருக்கிறதா என்று ஒரு பார்வை, கடைசியில்தான் பேட்டரி.