அந்தப் பக்கம் ஒரு ஆள் வேண்டும்

2023 டிசம்பர் வெள்ளத்தில் காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. மழை. ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகளோடு நின்றுவிட்டது. செல்போன் கோபுரங்கள் செயலிழந்தன. அதே ஊரில் இருக்கும் என் அக்கா குரலை மூன்று நாள் கேட்க முடியவில்லை.

அதன்பிறகுதான் ஹாம் ரேடியோ பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். 2004 சுனாமியில் போர்ட் பிளேரிலிருந்து பாரதி பிரசாத் என்ற பெண்மணி இதன் மூலம்தான் அந்தமான் செய்திகளை வெளியே சொன்னார். கோபுரம் தேவையில்லை, ரேடியோ, ஏரியல், கார் பேட்டரி போதும். ஆனால் மத்திய தொலைத்தொடர்புத் துறையின் தேர்வு எழுதி உரிமம் வாங்க வேண்டும். ரெஸ்டிரிக்டட் கிரேடுக்கு மோர்ஸ் தந்தி தெரிய வேண்டாம்.

68 வயதில் படித்துக்கொண்டிருக்கிறேன். நான் பாளையங்கோட்டையிலிருந்து கூப்பிட்டால் பதில் சொல்ல அந்தப் பக்கம் ஒரு ஆள் வேண்டுமே! ஸ்ரீவைகுண்டத்தில் யாராவது கூடப் படிக்க வருகிறீர்களா?