கேட்டுக் குறைப்பதும் கேளாமல் குறைப்பதும்

கொட்டாஞ்சேனையில் நானாவும் நானும் ஒரே பிளேஸ்டேஷன் 2-க்கு அடிபட்டு வளர்ந்தவர்கள். 2005இல் வந்த ‘காட் ஆஃப் வார்’ கேமில் ஒரே இடத்தில் திரும்பத் திரும்பச் செத்தால், ஈசிக்கு மாறுவமா என்று கேட்கும். மாறினால் சண்டை மட்டும்தான் லேசாகும், புதிர்கள் அப்படியே இருக்கும். எங்களுக்கு ரோஷம், ஒருநாளும் ஓம் சொன்னதில்லை. (உம்மா சாப்பிடக் கூப்பிட்டதற்கும்தான்.)

அதே வருடத்து ‘ரெசிடென்ட் ஈவில் 4’ கேட்கவே கேட்காது. நாங்கள் சாகச் சாக எதிரிகளின் அடியும் பாய்ச்சலும் குறையும், சில இடங்களில் ஆட்களே குறைவார்கள். நன்றாக ஆடினால் திரும்ப ஏறும். நாங்களோ கை பழகிவிட்டது என்று பெருமையடித்தோம். புரொஃபெஷனல் நிலையில் அந்த இரக்கம் இல்லை, எப்போதும் உச்சம்தான். அங்கே போய்த்தான் எங்கள் சாயம் வெளுத்தது.

கலாசாலை முடித்து இருவரும் ஆசிரியர்களாகிவிட்டோம். வெள்ளவத்தையில் மாலை வகுப்பும் எடுக்கிறோம். போன தவணை, கணிதத்தில் பின்தங்கிய ஐந்து பேருக்குச் சொல்லாமலே லேசான பயிற்சித்தாள் கொடுத்தோம். பிள்ளைகளின் முகத்தில் அப்படியொரு வெளிச்சம். ஒருவன் பக்கத்து மேசைத் தாளைப் பார்த்துவிட்டான்.

“எனக்கு மட்டும் ஏன் சேர் லேசு?”

எங்களிடம் பதில் இல்லை. அடுத்த கிழமை இரண்டு தாளையும் அவன் முன்னால் வைத்து, எது வேணும் என்று கேட்டோம். கஷ்டமானதை எடுத்தான். பத்துக்கு மூன்று.