தூரத்திலிருந்து ஒரு கண்

1989ல் மாநிலங்களவையில் ஆர்.கே. நாராயண் எழுந்து பேசியபோது எடுத்துக்கொண்ட விஷயம், பள்ளிக் குழந்தைகளின் முதுகில் தொங்கும் புத்தக மூட்டை. பள்ளி, வீட்டுப் பாடம், டியூஷன் என்று நாள் முழுவதையும் நிரப்பிவிட்டால் குழந்தை எப்போது விளையாடும், எப்போது கனவு காணும் என்பது அவர் கவலை. அதையொட்டி எழுந்த விவாதத்தின் தொடர்ச்சியாக யஷ்பால் குழு 1993ல் அறிக்கை தந்தது. மைசூர் யாதவகிரியில் நாராயண் கட்டிய வீடு 2016 முதல் அருங்காட்சியகம். அதைச் சுற்றியுள்ள தெருக்களில் குழந்தைகளின் மூட்டை இன்னும் இறங்கவில்லை. போதாக்குறைக்கு இப்போது ஒரு கண்ணும் பின்தொடர்கிறது.

2020ல் கொரோனா வந்தது. ஜூன் மாதம், சிறு வகுப்புகளுக்கு ஆன்லைன் பாடம் கூடாது என்றது கர்நாடக அரசு. ஜூலையில் உயர் நீதிமன்றம் அந்த உத்தரவை நிறுத்திவைத்தது. பள்ளிகள் திறந்த பிறகும், பாடத்துக்காக வாங்கிய கம்ப்யூட்டர் வீட்டிலேயே தங்கிவிட்டது.

மைசூரிலிருந்து பெங்களூர் சுமார் 140 கிலோமீட்டர். திங்கட்கிழமை ரயிலேறி வெள்ளி இரவு திரும்பும் அப்பாக்கள் உண்டு. அம்மாவும் வேலைக்குப் போனால், பள்ளி விட்டு வரும் குழந்தைக்குப் பாட்டிதான் துணை. வாசலுக்கு யார் வந்தார்கள் என்று பாட்டி சொல்லிவிடுவார். திரைக்கு யார் வந்தார்கள் என்பது அவருக்குத் தெரியாது. அந்த இடத்துக்குத்தான் கண்காணிப்பு சாஃப்ட்வேர் வந்தது.

ஏற்பாடு எளிது. கம்ப்யூட்டரில் குழந்தைக்கென்று தனிக் கணக்கு, சாவி அப்பாவிடம். எந்தப் பக்கம் பார்த்தாள், எதைத் தேடினாள், எத்தனை நிமிடம் என்ற விவரம் நிறுவனத்தின் சர்வருக்குப் போய், அங்கிருந்து அப்பாவின் போனுக்கு வருகிறது. மைக்ரோசாஃப்ட், கூகுள் போன்ற நிறுவனங்களே இதை இலவசமாகத் தருகின்றன. முகம் தெரியாதவர்கள் குழந்தையோடு பேச்சுக் கொடுக்கும் உலகில் இது வேண்டாம் என்று சொல்லிவிட முடியாது. இன்னொரு ரகமும் உண்டு. குழந்தைக்குத் தெரியாமல் ஒளிந்திருந்து, அது தட்டும் ஒவ்வொரு எழுத்தையும் பதிவு செய்வது.

மைசூரில் ஒரு தமிழ்க் குடும்பம். பெங்களூரில் மதியச் சாப்பாட்டின்போது அப்பாவின் போனில் ஒரு தகவல்: 11 வயது மகள் திறக்க முயன்ற பக்கம் தடுக்கப்பட்டது. தேடிய சொல், பெண் உடம்பின் ஒரு பாகம். உடனே மனைவிக்கு போன். அன்று மாலை விசாரணை. அவள் அழுதாளே தவிர, வாய் திறக்கவில்லை. இரண்டு நாள் கழித்துப் பாட்டியிடம்தான் விஷயம் வெளியே வந்தது. மார்பில் ஒரு பக்கம் சின்னக் கட்டிபோல வலித்திருக்கிறது. உறவில் ஒருவர் புற்றுநோயில் இறந்ததைக் கேட்டிருக்கிறாள். தனக்கும் அதுதான் என்று பயந்துபோய் இருந்தாள். பெண் குழந்தை வளரத் தொடங்கும்போது இப்படி ஒரு பக்கம் முந்திக்கொள்வது இயல்பு என்று டாக்டர் இரண்டே நிமிடத்தில் சொல்லி அனுப்பினார்.

"அம்மாகிட்டயாவது சொல்லியிருக்கலாமே கண்ணு?" என்று பாட்டி கேட்டார்.

"சொல்றதுக்குள்ள அப்பா கேட்டுட்டாரே பாட்டி."

அதன் பிறகு அவள் எதையும் அந்தக் கம்ப்யூட்டரில் தேடவில்லை. தோழியின் போன் இருந்தது. அப்பாவுக்கு வந்த அறிக்கைகள் சுத்தமாக இருந்தன. அவர் நிம்மதியாக இருந்தார்.

என்ன தேடினாள் என்பதை சாஃப்ட்வேர் சொல்லும். ஏன் தேடினாள் என்பதை அவள்தான் சொல்ல வேண்டும். ஒளிந்திருந்து பார்ப்பவரிடம் எந்தக் குழந்தையும் அதைச் சொல்லாது.

காவல் காக்க வந்ததே கதவைத் திறந்துவிடுவதும் உண்டு. அமெரிக்காவில் பெற்றோருக்கான டீன்சேஃப் என்ற கண்காணிப்புச் செயலியின் சர்வர், 2018ல் பாஸ்வேர்டு பாதுகாப்பு இல்லாமல் திறந்து கிடந்தது. ஆயிரக்கணக்கான குழந்தைகளின் கணக்கு விவரங்கள், பாஸ்வேர்டு உட்பட, அதில் இருந்தன.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 9 நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு 2017 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. வழக்குத் தொடுத்தவர் கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வு பெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி. 2023ல் நிறைவேறிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குட்பட்டவர்களின் நடத்தையை நிறுவனங்கள் பின்தொடரக் கூடாது என்கிறது. மீறினால் அபராதம் 200 கோடி ரூபாய் வரை போகலாம். நிறுவனம் குழந்தையின் தரவைக் கையாளப் பெற்றோரின் சம்மதம் வேண்டும். அந்தப் பெற்றோர் எந்த அளவுக்குப் பார்க்கலாம் என்பதற்கு அந்தச் சட்டம் எல்லை வகுக்கவில்லை. அதை வீடுதான் முடிவு செய்ய வேண்டும்.

கம்ப்யூட்டர் கூடத்தில் இருக்கட்டும். கண்காணிப்பு இருக்கிறது என்று குழந்தைக்கு முதலிலேயே சொல்லிவிடலாம். 7 வயதுக்குப் போட்ட பூட்டு 13 வயதுக்கும் அப்படியே தொங்க வேண்டியதில்லை. வீட்டில் சொல்ல முடியாத சிக்கலுக்கு 1098 என்ற எண் இருப்பதும் அதற்குத் தெரிந்திருக்கட்டும். வெள்ளி இரவு வீடு திரும்பும் அப்பா, அந்த வாரத்து அறிக்கையை சனிக்கிழமை காலை மகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு படிக்கலாம். தடுக்கப்பட்ட பக்கத்துக்கு அவளே காரணம் சொல்வாள். சொல்லத் தயங்கினால், பாட்டி பக்கத்து அறையில்தான் இருக்கிறார்.