அணையாத தீக்குச்சி

"மக்களே, காதை வச்சுக் கேளு" என்றார் அண்ணாச்சி. என் இடுப்புயரப் பீங்கான் பரணி. காதை ஒட்டிவைத்தேன். ஒரு சத்தமும் இல்லை. பக்கத்துப் பரணியில் 'ஸ்ஸ்' என்று மெல்லிய சீறல் விடாமல் கேட்டது. "அது வேலையில இருக்கு. இது அடங்கியாச்சு."

திருவனந்தபுரம் கிழக்கேக்கோட்டை அருகே ஒரு சந்துக்குள் இருக்கும் சிறிய வைத்தியசாலை. 1889-லேயே ஆயுர்வேதப் பாடசாலை தொடங்கிய நகரம் இது. அண்ணாச்சி விளவங்கோட்டுக்காரர், முப்பது வருடத்துக்கு மேலாக இங்கே திராட்சாரிஷ்டம் என்ற நொதித்த மருந்தைப் போடுகிறார்.

அடங்கிய பரணியின் மூடியைத் திறந்து, எரியும் தீக்குச்சியை உள்ளே இறக்கினார். சுடர் நின்று எரிந்தது. நொதித்தல் முடியாவிட்டால் உள்ளே கரியமில வாயு நிறைந்திருக்கும், குச்சி அணைந்துவிடும். காதும் தீக்குச்சியும் ஒத்துச் சொன்ன பிறகுதான் நாக்கின் முறை.

ஆயுர்வேத நூலான சார்ங்கதர சம்ஹிதையின் கணக்கில் 50 பலம் திராட்சைக்கு 200 பலம் வெல்லம். இன்றைய எடையில் 2.4 கிலோவும் 9.6 கிலோவும். உலர்திராட்சையைத் தண்ணீரில் கொதிக்கவிட்டு, நாலில் ஒரு பங்காகச் சுண்டியதும் வடிகட்டி ஆறவைக்க வேண்டும். ஆறாமல் அடுத்த வேலை கிடையாது. இங்கே தாதிரிப் பூவும் சேர்க்கிறார்கள். நொதிக்க வைக்கும் ஈஸ்ட் அந்தப் பூவோடு வருகிறது, சூடு பட்டால் செத்துவிடும். பட்டை, ஏலம், மிளகு, திப்பிலி, வாய்விடங்கம் இடித்துப் போட்டு, வாயைச் சீலைமண்ணால் அடைத்தால் ஒரு மாதம் தொடக்கூடாது. எங்கோ பிசகினால் புளித்துச் சுக்தமாகிவிடும், அதாவது காடி. அதை மணத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்.

ஒரு கரண்டி ஊற்றித் தந்தார். முதலில் வெல்லத்தின் இனிப்பு, பின்னால் பூவின் துவர்ப்பு ஈறுகளை இறுக்கியது, கடைசியில் தொண்டையில் மிளகு. எனக்கு ஸிரா நினைவுக்கு வந்தது. பிரான்சின் ரோன் பள்ளத்தாக்குச் சிவப்பு ஒயின் அது. அடர்ந்த நிறம், துவர்ப்பு, மிளகு வாசம். அந்த வாசத்துக்குக் காரணம் ரொட்டண்டோன் என்ற பொருள் என்று 2008-ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் கண்டார்கள். நம் மிளகில் மணப்பதும் அதுதான். அங்கே திராட்சைத் தோல் கொண்டுவருவதை இங்கே மிளகையே இடித்து வாங்குகிறார்கள்!

நல்ல ஸிராவை இருபது ஆண்டுகூட வைத்திருந்து திறப்பார்கள். இப்படி நொதித்த மருந்துகளான ஆசவங்கள் பழகப் பழகக் குணம் கூடும் என்று சார்ங்கதரரும் எழுதியிருக்கிறார். "பழசு பாக்கியா?" என்று அலமாரிக்குப் பின்னாலிருந்து ஒரு குப்பியை எடுத்தார் அண்ணாச்சி. ஆறு வருடத்துச் சரக்கு. அடியில் மண்டி படிந்து, மேலே தெளிந்து நின்றது. வெல்லம் பின்வாங்கியிருந்தது, ஏலமும் பட்டையும் தனித்தனியாகத் தெரியாமல் ஒரே மணமாகியிருந்தன. துவர்ப்பு இருந்தது, ஆனால் கடிக்கவில்லை.

ஒயினைச் சுவைத்துத் தரம் சொல்பவருக்குப் பட்டமும் மரியாதையும் உண்டு. அண்ணாச்சியின் காதுக்கும் நாக்குக்கும் சம்பளச் சீட்டில் ஒரு வரி இல்லை. எனக்கு அது மனதை உறுத்தியது. அந்த வரிசையில் ஒரு பரணிகூடப் புளிக்காமல் நிற்பது அவற்றால்தானே.

கிளம்பும்முன் சீறிக்கொண்டிருந்த பரணியையும் திறந்து காட்டச் சொன்னேன். தீக்குச்சி வாயைத் தாண்டி ஒரு விரற்கடை இறங்கவில்லை, அணைந்தது. அவர் மூடியை வைத்து, ஈரக் களிமண்ணை விளிம்பு சுற்றி விரலால் அழுத்தினார்.

"எட்டு நாளு கழிச்சு வா, மக்களே."